பொட்டு வைக்காத மூடி

கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் ஒரு மல்லாட்டை மில்லில் பல வருடம் வேலை செய்தேன். வேர்க்கடலையை எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்போம். காயை மெஷினில் கொட்டினால் ஓடு ஒரு பக்கம், பருப்பு ஒரு பக்கம் விழும். பருப்பில் இருக்கும் கல்லையும் சொத்தையையும் பொறுக்குவது பெண்கள் வேலை. நாங்கள் எட்டுப் பேர். எனக்கு அங்கே ஊமைச்சி என்று பெயர். பேச்சு வராதவள் இல்லை, நாலு பேர் முன்னால் பேச வெட்கம். முதலாளி எதிரில் வந்தால் தூணுக்குப் பின்னால் நின்றுகொள்வேன்.

அந்தப் பெயரை வைத்தவள் என் பக்கத்தில் உட்கார்ந்து பொறுக்குகிறவள்.

"ஏமே ஊமைச்சி, சோத்துக்காவது வாயத் தொறப்பியா, இல்ல மூக்கு வழியா துன்னுவியா?" என்பாள்.

எனக்குக் கோபம் வராது. எனக்காகவும் சேர்த்து அவள்தான் பேசுவாள். தண்ணீர்ப் பானை காலியாக இருந்தாலும், தூசிக்கு மூக்கைக் கட்டத் துணி வேண்டுமென்றாலும் அவள்தான் முதலாளியிடம் போவாள். அவள் வீட்டுக்காரருக்குக் காது மந்தம். அவரிடம் கத்திக் கத்தியே அவளுக்கு அந்தக் குரல் வந்தது என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள். "ஆமா, நான் அவர சாப்பிடக் கூப்டா பஸ்ஸுல போறவனும் எறங்கி வரான்" என்று அவளும் சிரிப்பாள்.

மோட்டாரிலிருந்து மெஷினுக்கு அகலமான பெல்ட் ஒன்று ஓடும். அதன் மேல் ஒரு கம்பிவலை மூடி, நாலு மூலையிலும் போல்ட். பெல்ட் ஓரமாகச் சிந்துகிற பருப்பைக் கூட்டி அள்ள ஒவ்வொரு நாளும் எங்களில் ஒருத்தி போக வேண்டும். போகிறவள் புடவை மேல் ஆண்பிள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, தலையைத் துண்டால் கட்டிக்கொள்வாள். "சட்டை இல்லாமல் பெல்ட் அருகே போகாதே" என்று சுவரில் எழுதியிருந்தது. நான் ஐந்தாவது வரை படித்தவள். மற்றவர்களுக்கு நான்தான் அதை வாசித்துச் சொன்னேன்.

ஆயுத பூஜைக்கு முன்னால் மில் முழுக்கக் கழுவுவோம். அந்த மூடியை மெஷின் பழுது பார்க்கிற பிட்டர் கழற்றிக் கொடுப்பார். கழுவுவது என் வேலை. எண்ணெயும் தூசியும் ஏறி வலைக்கண்ணெல்லாம் அடைத்திருக்கும். சோடாவும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்து, வெளியே காய் உலர்த்துகிற களத்துச் சுவரில் சாய்த்துக் காயவைப்பேன். அந்த வருடமும் அப்படித்தான் வைத்தேன். பிட்டர், "பூஜை முடிஞ்சி வந்து மாட்டிடறேன்" என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போனார்.

பூஜையன்று மெஷின், மோட்டார், தராசு, துடைப்பம் வரைக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். மூடி வெளியே களத்தில் கிடந்தது. அதற்குப் பொட்டு வைக்க யாருக்கும் ஞாபகம் இல்லை.

மறுநாள் விஜயதசமி. அன்று நல்ல நேரத்தில் ஒரு மூட்டையாவது உடைத்துவிட்டால் வருடம் முழுக்க மெஷின் நிற்காது என்பார்கள். நல்ல நாளில் கிழிந்த ஆண்பிள்ளைச் சட்டை எதற்கு என்று நாங்கள் எல்லோரும் நல்ல புடவை கட்டி, பூ வைத்துக்கொண்டு போயிருந்தோம். பிட்டர் வரவில்லை. முதலாளி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நேரம் முடியப் போவுது. ஒரு மூட்டதானே" என்று கற்பூரம் காட்டிச் சுவிட்சைப் போட்டார்.

வாசல் வழியாக எனக்குக் களம் தெரிந்தது. மூடி வெயிலில் சாய்ந்திருந்தது. 'மூடி மாட்டல' என்று சொல்ல ஒரு நொடி போதும். நாக்கு வரைக்கும் வந்தது. நல்ல நேரத்தில் குறுக்கே பேசினாள் என்று திட்டுவார்களே என்று விழுங்கிவிட்டேன். அன்று கூட்டுகிற முறை எனக்குப் பெயர் வைத்தவளுடையது. துடைப்பத்தோடு என்னைத் தாண்டித்தான் போனாள்.

முந்தானை பெல்ட்டில் போனது. அதைப் பிடித்து இழுக்கக் கையை நீட்டினாள். யாரோ ஓடிப்போய்ச் சுவிட்சை அணைத்தார்கள். அதற்குள் எல்லாம் ஆகிவிட்டது. ஆஸ்பத்திரியில் வலது கையை முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் பிட்டர் வந்து மூடியை மாட்டினார். முதலாளி எங்கள் ஏழு பேரையும் கூப்பிட்டார்.

"ஆபீசர் வந்து கேட்டா மூடி இருந்துச்சின்னு சொல்லுங்க. இல்லன்னா மில்ல இஸ்து மூடிடுவாங்க. அப்புறம் எங்க போவீங்க நீங்கல்லாம்?"

இரண்டு நாள் கழித்து, மில்களைச் சோதனை போடுகிற ஆபீசர் வந்தார். ஒவ்வொருத்தியாகக் கேட்டார். ஆறு பேரும், மூடி இருந்தது என்றார்கள். கடைசியில் என்னிடம் வந்தார்.

"நீங்க சொல்லுங்கம்மா. மூடி இருந்துச்சா?"

என் கண் தானாக மெஷின் பக்கம் போனது. மெஷின் முழுக்கச் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. மூடியில் மட்டும் ஒரு பொட்டும் இல்லை. என் கண் போன இடத்தை அவரும் திரும்பிப் பார்த்தார். கண்டுபிடித்துவிடுவார் என்று நினைத்தேன். கண்டுபிடிக்கட்டும் என்றும் நினைத்தேன். அவர் மறுபடியும் என் முகத்தைப் பார்த்தார். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவர் அதை எழுதிக்கொண்டு போய்விட்டார்.

ஆஸ்பத்திரியில் அவள் மூடி இல்லை, மூடி இல்லை என்று கத்தினாளாம். நாங்கள் ஏழு பேரும் மூடி இருந்தது என்று சொன்ன பிறகு அவள் பேச்சு எடுபடவில்லை, வலியில் உளறுகிறாள் என்றார்கள். சட்டை போடாமல் பூ வைத்துக்கொண்டு போனாள், அதனால் வந்தது என்று ஊரில் பேச்சானது. அவள் வீட்டுக்காரரும் அதைத்தான் நம்பினார். நான் ஒரே ஒரு தடவை பார்க்கப் போனேன். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுவதற்குள் வந்துவிட்டேன். கொஞ்ச நாளில் அவர்கள் அடி அண்ணாமலைப் பக்கம் குடிபோனார்கள்.

அடுத்த பூஜையிலிருந்து மூடிக்குத்தான் முதல் பொட்டு வைத்தேன். பிட்டர் நாலு போல்ட்டையும் முறுக்குகிற வரைக்கும் வீட்டுக்குப் போகமாட்டேன். ஏன் நிற்கிறாய் என்று யாரும் கேட்கவில்லை.

பத்துப் பன்னிரண்டு வருடம் போயிருக்கும். ஒரு பௌர்ணமிக்குக் கூட்டம் சேருவதற்கு முன்பே, மத்தியானத்தில் மலை சுற்றப் போனேன். அடி அண்ணாமலையில் ரோட்டோரம் கற்பூரமும் எலுமிச்சம்பழமும் வைத்த கடையிலிருந்து ஒரு குரல்.

"ஏமே ஊமைச்சி! பார்க்காத மாதிரி போறியா?"

கையைப் பிடித்துப் பின்னாலிருந்த வீட்டுக்கு அழைத்துப் போனாள். இடது கையாலேயே டீ போட்டுக் கொடுத்தாள். சுவரில் அவள் வீட்டுக்காரர் படம், மாலையோடு.

"போயி ரெண்டு வருஷம் ஆவுது" என்றாள். "சாவுற வரைக்கும், பூ வெச்சிக்கினு பெல்ட்டாண்ட போனவன்னு சொல்லிக்கினே இருந்தாரு. ஏன்மே, எனக்கே இப்ப சந்தேகமா கீது. மூடி இருந்துச்சா? நான்தான் சரியா பாக்கலியா? ஏழு பேரு பொய் சொல்லுவாங்களா?"

என்னைக் குத்திக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டாள். நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"மூடி இல்ல."

"இன்னா?"

"இல்ல. நான்தான் கழுவிக் களத்துல சாய்ச்சி வெச்சேன். மெஷின் ஓடுறப்ப பார்த்தேன், சொல்லல. ஆபீசர் கேட்டதுக்கும் பொய்யா தலையாட்டிட்டேன்."

"அப்ப எனக்கு ஒண்ணும் புத்தி கெடல" என்றாள். பிறகு, "இத்தினி வருஷம் எங்கடி போயிருந்த?" என்று கேட்டாள்.

அவளே சுவரில் இருந்த படத்தைக் காட்டினாள்.

"என்கிட்ட சொல்லி இன்னா ஆவுது? அதோ, அவருகிட்ட சொல்லு."

எழுந்துபோய்ப் படத்துக்கு முன்னால் நின்று மெல்லச் சொன்னேன்.

"சத்தமா சொல்லுமே. அவருக்குக் காது மந்தம்னு உனக்குத் தெரியாதா?"

திரும்பிப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. வாசலில் மலை சுற்றுகிற ஜனம் போய்க்கொண்டிருந்தது. அவர்கள் காதிலும் விழும்படி சத்தமாகச் சொன்னேன். "மூடி இல்லைங்க. அவ மேல தப்பு இல்ல. நாங்கதான் பொய் சொன்னோம்."

"இன்னொரு வாட்டி" என்றாள்.

சொன்னேன்.