மூஞ்சி வேணாம் மிஸ்

மீன் வாங்கப் போனால் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் நான் வாங்கியதே கிடையாது. பெசன்ட் நகரில் குப்பத்தை ஒட்டிய சாலையோரத்தில் வரிசையாக மீன் பலகை போட்டிருப்பார்கள். அதில் ஒரே அம்மாவிடம்தான் நாலு வருஷமாக வாங்குகிறேன். நாலு வருஷமாக ஒரே சண்டை. "யம்மா, காத்தால வலைலேர்ந்து எறங்குன மீனு. அதப் போயி நோண்டிக்கினு கீறியே, ஒனக்கே நல்லா கீதா?" என்பார். நான் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டேன். கண்ணால் பார்த்தால் எனக்குப் போதாது, கை வைத்தால்தான் மனசு ஆறும்.

கை வைப்பதுதான் என் பிழைப்பும். தியாகராய நகரில் ஒரு ஸ்டூடியோவில் இருபது வருஷம் கல்யாணப் படங்களுக்கு டச்சப் செய்தேன். இப்போது அதே வேலையை வீட்டிலிருந்து செய்கிறேன். படத்தைக் கொடுக்கும்போது வீட்டுக்காரர்கள் ஒரே வார்த்தைதான் சொல்வார்கள்: "பொண்ணுக்குக் கொஞ்சம் கலர் ஏத்திடுங்க." ஏத்துவேன். கண்ணுக்குக் கீழே கருவளையம், கன்னத்தில் மரு, எல்லாம் போய்விடும். இருபது வருஷத்தில் மாநகரத்தையே வெள்ளையடித்திருப்பேன். யாரும் சொல்லாவிட்டாலும் இப்போது கை தானாக அங்கே போகிறது.

இந்த லட்சணத்தில் என்னைப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கக் கூப்பிட்டார்கள். அடையாறில் ஒரு சின்ன நூலகம். அதன் மாடி அறை சும்மாதான் கிடக்கிறது, நாலு சனிக்கிழமை பிள்ளைகளை வைத்து ஏதாவது செய்யுங்களேன் என்றார் நூலகத்தைப் பார்த்துக்கொள்ளும் அம்மா. சரி, போட்டோவும் ஏ.ஐ.யும் வைத்து யோசிக்கச் சொல்லித் தருகிறேன் என்று வாய் விட்டுவிட்டேன். பிள்ளைகள் ஒரு போட்டோ எடுத்து வரவேண்டும். அது வேறு என்னவாக ஆகலாம் என்று யோசித்து, வாயாலேயே தமிழில் மெஷினிடம் சொன்னால் அது படமாகப் போட்டுக் கொடுக்கும். இரண்டே சட்டம் வைத்தேன். ஒன்று, மெஷினைக் கேட்பதற்கு முன்னால் சொந்தமாக மூன்று யோசனை சத்தமாகச் சொல்லியாக வேண்டும். இரண்டு, கேட்காமல் யார் முகத்தையும் படம் எடுக்கக் கூடாது.

எட்டுப் பேர் சேர்ந்தார்கள். அதில் ஒருத்தி என் மீன்கார அம்மாவின் மகள், ஆறாவது படிக்கிறாள். நான்தான் ஒரு நாள் வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கியபடியே, "பாப்பாவ வகுப்புக்கு அனுப்புங்களேன்" என்று கேட்டேன். சனிக்கிழமைகளில் அவளுக்குப் பலகையருகே வேலை உண்டு. காக்கா விரட்டுவது, மீன்மேல் தண்ணீர் தெளிப்பது, பை பிடித்துக் கொடுப்பது. அம்மா யோசித்துவிட்டுச் சொன்னார்: "நாலு வாரம் அனுப்பறேன். அவ இல்லன்னா எனக்குக் கை ஒடிஞ்ச மாரி. கடைசி நாளு நானே வந்து பாப்பேன். சொம்மா போன நோண்டிக்கினு இருந்தாங்கன்னா, அத்தோட சரி." பெண் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கு அந்த நாலு வாரத்தோடு முடியக் கூடாது. அது அவள் முகத்திலேயே எழுதியிருந்தது.

முதல் வாரம் ஒரே கூத்து. மயிலாப்பூரிலிருந்து வந்த பையன் ஒருவன் குக்கர் படத்தைக் கொண்டுவந்தான். "எங்காத்துல குக்கர் மூணு விசில் அடிச்சா அப்பா ஓடி வருவார் மிஸ். அதனால அது ஸ்டேஷன் மாஸ்டர்" என்றான். மெஷின் குக்கருக்குத் தொப்பி மாட்டிப் பச்சைக் கொடியும் கொடுத்தது. தியாகராய நகர்ப் பெண் ஒருத்தி, கடை திறக்கும் முன் பிளாஸ்டிக் தாளில் சுற்றி வைத்திருந்த துணிக்கடைப் பொம்மைகளை எடுத்திருந்தாள். பொம்மைகளுக்குச் சளி பிடித்திருக்கிறதாம். எதைச் சொன்னாலும் அந்த மெஷின், "அருமையான யோசனை!" என்று ஆரம்பிக்கும். "நான் இன்னிக்குப் பல்லு தேய்க்கல" என்று ஒருவன் சொல்லிப் பார்த்தான். அதுவும் அருமையான யோசனையாம். அன்றிலிருந்து யார் தும்மினாலும் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து "அருமையான யோசனை!" என்று கத்துவார்கள். கீழேயிருந்து நூலக அம்மா இரண்டு முறை ஏறிவந்து முறைத்துவிட்டுப் போனார்.

இரண்டாம் வாரம் மீன்கார அம்மாவின் மகள் தன் அம்மாவின் படத்தைக் கொண்டுவந்தாள். கேட்டுத்தான் எடுத்திருந்தாள். தலையில் துண்டு, இடது புருவத்தில் பழைய வெட்டுத் தழும்பு, வெயிலில் கறுத்துப் பளபளத்த முகம், முன்னால் சங்கரா மீன் குவியல். அவள் மூன்று யோசனை சொன்னாள். மூன்றாவது நன்றாக இருந்தது: கடல் பலகை வரைக்கும் வந்துவிடுகிறது, மீன்களே நின்று எந்த ஆளோடு போகலாம் என்று பார்க்கின்றன, அம்மா நடுவில் நியாயம் சொல்கிறாள்.

மெஷின் போட்ட படத்தில் கடல் பிரமாதம். அம்மா மட்டும் கோதுமை நிறத்தில், எடுப்பான மூக்கோடு, ஜிமிக்கியும் பட்டுப்புடவையுமாக நின்றார். தழும்பைக் காணோம், துண்டைக் காணோம். எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை என்பதுதான் வெட்கக்கேடு. "அடடா, அம்மா எவ்ளோ அழகா வந்திருக்காங்க பாரு!" என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள், கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்குப் போய் அந்தப் படத்தில் நானும் என் பங்குக்குக் கழுத்துச் சுருக்கத்தை எடுத்துவிட்டு, பழைய ஸ்டூடியோவில் கெஞ்சிப் பெரிய தாளில் பிரிண்ட் போட்டு வாங்கினேன். கடைசி நாளில் அம்மா வந்து பார்த்தால் பூரித்துப்போவார், பெண் தொடர்ந்து வரலாம் என்று கணக்குப் போட்டேன்.

மூன்றாம் வாரம் பிரிண்டைப் பிரித்துக் காட்டினேன். பிள்ளைகள் "ஓ" போட்டார்கள். அவள் மட்டும் படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

"மிஸ், எங்கம்மா அழகா இல்லியா?"

எனக்குச் சுருக்கென்றது. "யார் சொன்னா? அழகாத்தானே இருக்காங்க?"

"அப்புறம் ஏன் மாத்திக்கீறீங்க? இது யாரோ. எங்கம்மா வந்து பாத்தா இன்னா சொல்லும்?"

பிரிண்டைச் சுவர் பக்கம் திருப்பி வைத்தேன். இருபது வருஷத்தில் ஒரு கல்யாணப் பெண்கூட என்னை இப்படிக் கேட்டதில்லை. கேட்கிற இடத்தில் அவர்களை யாரும் வைத்ததில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

மெஷினைத் திருத்தலாம் என்று உட்கார்ந்தோம். "நிறத்தை மாத்தாதே" என்றேன். "அருமையான யோசனை!" என்று சொல்லிவிட்டு இன்னும் வெளுப்பாகப் போட்டது. "கறுப்பா இருக்காங்க, அப்படியே போடு" என்றேன். வேறு யாரோ ஒரு கறுப்பான பெண் வந்தார். தழும்பு வேண்டுமென்றால் கன்னம் முழுக்கக் கோடு கிழித்தது. தலையில் துண்டு என்றதற்கு ஹோட்டலில் குளித்துவிட்டு வந்தவர் மாதிரி வெள்ளைத் துவாலை சுற்றியது. "அறிவு இருக்கா உனக்கு?" என்று அதனிடம் நிஜமாகவே கத்திவிட்டேன். குக்கர் பையன், "மிஸ், அது செயற்கை அறிவு" என்றான். அறையே சிரித்தது. அவளும் சிரித்துவிட்டாள். அப்புறம் சட்டென்று நிறுத்திக்கொண்டு சொன்னாள்:

"மூஞ்சி வேணாம் மிஸ். எங்கம்மா மூஞ்ச அதுக்குத் தெரியாது. எங்கம்மா இன்னா பாக்கும்னு எனக்குத் தெரியும். அத்த எடுத்துக்கினு வரேன்."

எனக்குப் புரியவில்லை. ஆனாலும் தலையாட்டினேன். கடைசி வாரம்தான் பாக்கி. அது சொதப்பினால் அவள் மறுபடி காக்கா விரட்டப் போகவேண்டியதுதான். அந்த வாரம் முழுக்க எனக்குச் சரியாகத் தூக்கமில்லை.

கடைசிச் சனிக்கிழமை அம்மாவின் கீறல் விழுந்த போனில் பதினோரு படம் கொண்டுவந்தாள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில், அம்மா உட்காரும் மணையில், அம்மாவின் உயரத்தில் உட்கார்ந்து எடுத்திருக்கிறாள். பலகைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றவர்கள். ஆனால் ஒரு முகம்கூட இல்லை. கேட்காமல் முகம் எடுக்கக் கூடாது என்பது என் சட்டமாயிற்றே! எல்லாம் கழுத்துக்குக் கீழே. மீனைக் காட்டுகிற கைகள், துணிப்பைகள், லுங்கி, நைட்டி, செருப்பு.

"தலைய நாம வெச்சிக்கலாம்" என்றாள்.

ஒவ்வொருவருக்கும் அவளிடம் மூன்று மூன்று தலை தயாராக இருந்தது. அடித்து, திருத்தி, ஒன்றைத் தேர்ந்தெடுத்து மெஷினிடம் சொன்னாள். விலை குறையட்டும் என்று ஒற்றைக் காலில் நின்றுகொண்டே இருக்கும் அரைக்கால் சட்டைத் தாத்தா, கொக்கு. இறால் தட்டை விட்டுக் கண்ணை எடுக்காத நைட்டியம்மா, பூனை. இரண்டு விரலால் செவுளைத் தூக்கிப் பிடித்திருந்த ஒரு கைக்கு மட்டும் யோசிக்கவே இல்லை, குரங்கு என்றாள். மெஷின் அந்தக் குரங்குக்கு மூக்குக்கண்ணாடி வேறு மாட்டிவிட்டது. பேன் பார்ப்பது மாதிரி மூக்கைச் சுளித்துக்கொண்டு அது செவுளுக்குள் பார்த்ததே, நான் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். "பாவம்டி, யாரு இது?" என்று கேட்டேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள்.

மூன்று மணிக்குப் பெற்றோர் வந்தார்கள். படங்களைக் கயிற்றில் கிளிப் போட்டு மாட்டியிருந்தோம். மீன்கார அம்மா மணக்க மணக்க மல்லி வைத்துக்கொண்டு, சலவைப் புடவையில் வந்தார். குக்கரைப் பார்த்தார், நகர்ந்தார். சளி பிடித்த பொம்மைகளைப் பார்த்தார், நகர்ந்தார். பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மகளின் படங்களுக்கு முன்னால் வந்து நின்றார். கொக்கைப் பார்த்தார். குனிந்து அதன் செருப்பைப் பார்த்தார்.

"அய்ய! இது நம்ம கடைசித் தெரு தாத்தா இல்ல?"

பிறகு அவரை யாராலும் நிறுத்த முடியவில்லை. பையை வைத்து ஒருவரை, வளையலை வைத்து ஒருவரை, நிற்கிற தோரணையை வைத்து மிச்சப் பேரை. பதினோரு பேரில் ஒருவரும் தப்பவில்லை. "இந்தம்மா ஆமை இல்லடி, நண்டு. நேரா வரவே வராது, அடுத்த பலகைல நின்னுக்கினு சைடுலயே வந்து வெல கேக்கும்" என்று மகளுக்குத் திருத்தம் சொன்னார். மகள் விடவில்லை. "மூணு சொல்லணும்மா. ஒண்ணு சொன்னா செல்லாது." அம்மா நிஜமாகவே நின்று இன்னும் இரண்டு யோசித்தார். கடைசியாகக் குரங்கிடம் வந்தார். குரங்கைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"டீச்சரம்மா, இது நீதான?"

அறை முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. அப்போதுதான் படத்தை ஒழுங்காகப் பார்த்தேன். என் கைக்கடிகாரம்! என் மோதிரம்! அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் மீன் வாங்கப் போயிருந்தேன், செவுளைப் பார்த்த கண் அவள் போனைப் பார்க்கவில்லை. "நாலு வருஷமா அந்த வெரலத்தான பாத்துக்கினு கீறேன், எனக்குத் தெரியாதா?" என்றார் அவர். சுர்ரென்று ஏறிய கோபம் பாதி வழியிலேயே சிரிப்பாகிவிட்டது. குக்கர் பையன் "அருமையான யோசனை!" என்று கத்தினான்.

அந்தக் கலகலப்பில் அவர் கண் சுவரோரம் திருப்பி வைத்திருந்த பெரிய பிரிண்ட்டின் மேல் விழுந்தது. "இது இன்னாது, திருப்பி வெச்சிக்கீற?" என்று நான் தடுப்பதற்குள் திருப்பிவிட்டார்.

"யாரு இது? சினிமாக்காரியா?"

பெண் என் கையை விட்டுவிட்டாள். பொய் சொல்லியிருக்கலாம்தான். அவள் நின்றுகொண்டிருக்கும்போது முடியவில்லை. "நீங்கதான்மா. பாதி மெஷின் மாத்துச்சு, பாதி நான் மாத்தினேன். தப்பு என்னுது" என்றேன்.

அவர் சிரிப்பு நின்றது. விரல் தானாகப் போய்ப் புருவத் தழும்பைத் தொட்டது. "இந்தம்மா கத்தி புடிச்சா வெரல் போயிடும்" என்று மட்டும் சொல்லிவிட்டு, பிரிண்டைப் பழையபடி சுவர் பக்கம் திருப்பி வைத்தார். பிறகு மகள் பக்கம் திரும்பினார்.

"அடுத்த வாரமும் கீதா இது?"

"மிஸ் எடுத்தா கீது" என்றாள் பெண்.

"எடுப்பேன்" என்று முந்திக்கொண்டு சொன்னேன். நாலு வாரம்தான் என்று பேசியிருந்த நூலக அம்மா, வாசலில் நின்றவர், என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

"அப்ப அவ வரட்டும். காக்காவ நான் பாத்துக்கறேன்" என்றார் மீன்கார அம்மா. பெண் துள்ளிக் குதித்தாள். "ஆனா டீச்சரம்மா, ஒண்ணு. இனிமே நீ என் மீன் மேல கை வெக்கக் கூடாது. என் மூஞ்சி மேலயும்."

அடுத்த சனிக்கிழமை காலையில் போனேன். சங்கரா சிவப்பாகக் குவிந்து கிடந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். விரல் அரித்தது. அவர் என்னை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் குவியலின் அடியிலிருந்து நாலு மீனைப் பொறுக்கி எடுத்தார், செதிலும் குடலும் எடுத்து ஆஞ்சு பையில் போட்டுக் கொடுத்தார். நான் பைக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவர் மகள் எனக்கு முன்னாலேயே வகுப்புக்கு ஓடிப்போயிருந்தாள்.