கடலைப் பார்க்காத வீடு

தொண்டிக்கு வெளியே, கடலை ஒட்டி பிளாட் போட்டு விற்ற நகரில் நாங்கள் குடிவந்தபோது, பக்கத்து வீட்டின் கிழக்குச் சன்னல் மட்டும் சாத்தியே கிடந்தது. மற்ற எல்லோரும் அந்தத் திசைக் காற்றுக்காகவே இங்கே இடம் வாங்கியவர்கள். பரமக்குடிப் புழுக்கத்தில் வளர்ந்த எனக்கு, எழுந்ததும் கடல் தெரிவதே பெரிய சுகமாக இருந்தது. கம்பிகள் துருப்பிடித்து உதிர்வதும், போர்வெல் தண்ணீர் கரிப்பதும் பிறகுதான் தெரிந்தன.

அந்த வீட்டில் ஓர் அக்காவும் அவருடைய மாமனாரும் வாடகைக்கு இருந்தார்கள். ராமேஸ்வரம் பக்கத்து மீனவக் குடும்பம். அக்காவின் கணவர் போன படகு காற்றில் கவிழ்ந்து, கூடப் போனவர்கள் கரை சேர்ந்துவிட, அவர் மட்டும் கிடைக்கவில்லை. மாமனாருக்குத் தொண்டி ஐஸ் கம்பெனியில் வேலை கிடைத்ததால் இங்கே வந்தார்கள். அக்கா தெருவுக்கெல்லாம் ரவிக்கை தைத்துக் கொடுத்தார். கணவருக்காக மாதா கோயிலில் பூசை வைக்கலாம் என்று மாமனார் கேட்கும்போதெல்லாம் அக்காவிடமிருந்து ஒரே பதில்தான் வரும்: "அது செத்தவங்களுக்குல்ல மாமா வைக்கிறது?"

மூன்று வருஷம் அப்படியே போயிற்று. ஒரு மழைக்கால விடியலில், எங்கள் தெருமுனைக் கரையில் ஓர் உடல் ஒதுங்கியது. குப்புறக் கிடந்தது. ஆட்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி நின்றார்கள். சிலர் செல்போனில் படம் எடுத்தார்கள். தைக்கிற டேப் கழுத்தில் தொங்க, அக்கா ஓடி வந்தார். இத்தனை காலம் கழித்து முழு உடலாக அவர் வரமாட்டார் என்று அக்காவுக்குத் தெரியாதா? தெரிந்தும்தான் ஓடி வந்தார். குனிந்து, தலையைத் திருப்பி முகத்தைப் பார்த்தார். யாரோ ஓர் இளவட்டம்.

"டீச்சர், வீட்ல நல்ல போர்வை இருந்தா எடுத்துட்டு வாங்க" என்றார் என்னிடம். கொண்டுவந்து கொடுத்தேன். தலைமுதல் கால்வரை போர்த்திவிட்டு, போலீஸ் வரும்வரை நாய்களை விரட்டிக்கொண்டு மணலில் உட்கார்ந்திருந்தார். மதியம் திருப்பாலைக்குடியிலிருந்து அந்தப் பையனின் குடும்பம் வந்தது. அழுது ஓய்ந்த தாய், எழுந்து வந்து அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்தவள் வெகுநேரம் விடவே இல்லை.

அன்று சாயங்காலம் அக்கா மாமனாரிடம் சொன்னார்: "அந்தம்மாவுக்கு விழுந்து அழ ஒரு உடம்பாவது கெடச்சுச்சு. எனக்கு அதுவும் வராது மாமா. பூசை வச்சிருவோம்."

இப்போது அந்த வீட்டில் வேறு குடித்தனம். அக்கா மண்டபம் ஊரில் இருக்கும் தம்பி வீட்டோடு போய்விட்டார். சாயங்காலமானால் எங்கள் நகர்க்காரர்கள் அதே மணலில் நாற்காலி போட்டுக் காற்று வாங்குகிறார்கள். கூப்பிடுகிறார்கள்; என்னால் அங்கே போய் உட்கார முடிவதில்லை.

அன்று, பூசைக்கு முதல் நாள், அக்காவுடனும் மாமனாருடனும் நானும் கல்லறைத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். பூசைக்குப் பிறகு புதைக்கப்போகும் பெட்டிக்குள் வைக்கக் கணவரின் கட்டம் போட்ட சட்டையும் ஒரு கைலியும்தான் அவரிடம் இருந்தன. குழி வெட்டுகிறவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, "உடம்பு இல்லைல்லம்மா, சின்னதா வெட்டுனாப் போதும்ல?" என்று கேட்டார்.

"இல்லண்ணே" என்றார் அக்கா. "அவரு நல்ல ஒசரம். கால் மடங்காம, நீளமாவே வெட்டுங்க."

மாமனார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த மனிதர் மண்வெட்டியைக் கையில் எடுத்தார். ஆள் நீளத்துக்கு அளந்து, வெட்டத் தொடங்கினார்.