சைரன் அக்காவின் பட்டியல்

“மாடிப்படி அதேதானே? இடிச்சு கிடிச்சுக் கட்டலையே?” திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கெல்லாம் நகராட்சி அலுவலகத்தின் கோடி அறையிலிருந்து ஃபோனில் இந்தக் கேள்வி கிளம்பிவிடும். படியின் சௌகரியத்தைக் கேட்டுக்கொண்ட பிறகுதான் மனிதரின் சௌகரியம். “அப்பா இன்னும் படுக்கைலதானா? நடக்குறாரா? வாக்கர் வாங்கியாச்சா? சொல்லவே இல்லையே நீங்க.” கல்யாணத்துக்குத் தன்னை அழைக்க மறந்துவிட்டார்கள் என்பதுபோல முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, அந்த அறைக்கார அம்மாள் பட்டியலில் பென்சிலால் திருத்திக்கொள்வார்.

ஊரிலிருந்து எட்டுக் கிலோமீட்டரில் அணுமின் நிலையம். அங்கே ஏதாவது ஆகிவிட்டால் ஊரைக் காலி செய்ய வேண்டியது நகராட்சியின் பொறுப்பு. நகராட்சி அதைப் பதினோரு வருடங்களுக்கு முன்பு இவர் தலையில் கட்டிவிட்டது. தன் காலால் இறங்கி வர முடியாதவர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். யார் எந்த மாடி, எந்தப் பேருந்து, நாற்காலியோடு தூக்க வேண்டுமா என்பதெல்லாம் இவருக்குத் தலைகீழ்ப் பாடம். சைரன் அக்கா என்றால்தான் ஊருக்குத் தெரியும்.

போகிற இடமெல்லாம் வாசலை எண்ணுகிற வியாதி அவருக்கு உண்டு. கைப்பையில் இஞ்சுடேப் இருக்கும். புதுவீடு பார்க்கக் கூப்பிட்டால், “வீடு லட்சணமா இருக்கு. ஆனா சோபாவைக் கதவுக்குக் குறுக்க போட்டிருக்கீங்களே” என்று ஆரம்பித்துவிடுவார். அறையில் ஒரு சாம்பல் நிற பீரோ நிறைய, கதிர்வீச்சு கசிந்தால் ஊருக்குக் கொடுக்க வேண்டிய அயோடின் மாத்திரை. பிறப்புச் சான்றிதழ் வாங்க வருகிறவர்கள், “தலைவலிக்கு ஒண்ணு குடுங்கக்கா” என்று சீண்டுவார்கள். “இது தேவைப்படுற அன்னைக்கு தலைவலியெல்லாம் உங்க ஞாபகத்துக்கே வராது” என்பார், சிரிக்காமல்.

பேருந்து ஓட்டுநர்கள் எட்டுப் பேரையும் அவர் வழிக்குக் கொண்டுவந்த கதை தனி. நாலாம் நம்பர் வண்டிக்காரர் மட்டும் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்: “எம்பொண்ணை ஸ்கூல்லேருந்து கூட்டிட்டுத்தான் வண்டியை எடுப்பேங்க்கா. எனக்குப் பொய் சொல்ல வராது.” அக்கா கோபப்படவில்லை. ஒரு வாரம் அலைந்து, ஓட்டுநர்களின் குடும்பங்களுக்கென்றே முதல் வண்டியை ஏற்பாடு செய்தார். நாலாம் நம்பர்க்காரரின் பெண் ஏறப்போகும் இடத்தைச் சீட்டில் எழுதி அவர் சட்டைப்பையில் போட்டார்.

“இப்ப வீட்டுக்குப் போகமாட்டீங்கள்ல?”

“போகமாட்டேன். நீங்கக்கா?”

“எனக்கென்ன தம்பி, நான் ஃபோனோட உட்கார்ந்திருப்பேன்.”

வீட்டில் கணவர் இருக்கிறார். அச்சகத்தில் பிழை திருத்துபவராக இருந்தவர். இரண்டு வருடமாகப் பக்கவாதம், இடது பக்கம் வருவதில்லை. வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. மாதாமாதம் மனைவியின் பட்டியலைக் கேட்டு வாங்கிச் சிவப்பு மையால் பிழை பார்ப்பார். போன மாதம் கடைசிப் பக்கத்தைப் புரட்டிவிட்டு, “ஒரு ஆளு விட்டுப்போச்சே” என்றார்.

“யாரு?”

“மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது, இடது கை, இடது கால் வராது. எனக்கு வேண்டப்பட்டவன்தான்.”

“இது தூக்கி இறக்க ஆள் இல்லாதவங்களுக்கு. உங்களுக்குத்தான் நான் இருக்கேன்ல.”

“ஊருக்குத்தான் உபதேசமா?” என்று சொல்லிவிட்டுப் பேனாவை மூடிக்கொண்டார்.

இந்த வருட ஒத்திகை வியாழக்கிழமை என்று எல்லோருக்கும் தெரியும். நேரத்தை மட்டும் முதல்முறையாக நிலையத்தார் யாருக்கும் சொல்லவில்லை. பத்தேகாலுக்குச் சைரன் ஊதியது. பதினோரு வருடம் இதற்காகவே காத்திருந்தவர், முதல் ஃபோனை எடுத்தது வரைக்கும் சரி. பிறகு என்ன நடந்தது என்று அவருக்கே தெரியாது. பார்த்தால் அலுவலக வாசலில் நிற்கிறார், ஸ்கூட்டரில் சாவி போட்டாயிற்று. மேலே அவர் அறையில் மூன்று ஃபோன்களும் அடித்துக்கொண்டிருந்தன. எதிரே நாலாம் நம்பர் பேருந்து, எந்த வீட்டுக்கு முதலில் போவது என்று தெரியாமல் உறுமிக்கொண்டு நின்றது.

ஓட்டுநர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். சிரிக்கவில்லை, அதுதான் பெரிய மனசு. “அக்கா, முதல்ல யாரை எடுக்கணும்னு நீங்கதான் சொல்லணும்” என்றார்.

அக்கா படியேறினார். முகத்தில் ஈயாடவில்லை.

அன்று மாலை அறிக்கையில் அவரே எழுதினார்: “கட்டுப்பாட்டு அறை நான்கு நிமிடம் காலியாக இருந்தது. காரணம், பொறுப்பாளர் தம் வீட்டுக்குக் கிளம்பியது.” ஆணையர் படித்துவிட்டு, ஒத்திகைதானே, அந்த வரியை எடுத்துவிடலாமே என்றார். “நிஜமா ஊதியிருந்தாலும் அப்படித்தான் சார் போயிருப்பேன். இருக்கட்டும்” என்றார் அக்கா. எனக்கு அந்த அம்மாளைக் கும்பிடத் தோன்றுவது இந்த இடத்தில்தான்.

மறுநாள் காலை பணிமனைக்குப் போனார். நாலாம் நம்பர் வண்டிக்காரர் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார். அக்கா ஃபோனில் பேசுகிற அதே குரலில் ஆரம்பித்தார்: “புதுசா ஒரு வீடு தம்பி, உங்க ரூட்லதான். மூணாவது மாடி, லிஃப்ட் இல்ல. படி மூணடி அகலம், திருப்பத்துல நாற்காலியைச் சாய்க்கணும். வலது தோளைப் பிடிச்சுத் தூக்குங்க. வழியெல்லாம் கிண்டல் பண்ணிட்டே வருவாரு, கண்டுக்காதீங்க.”

“கூட ஆள் யாருக்கா?”

“யாரும் இருக்கமாட்டாங்க.”

“அப்ப கதவை யாரு திறப்பா?”

அக்கா கைப்பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தார். வளையம் இறுகிப்போயிருந்தது, நகத்தால் நெம்பி நெம்பி வீட்டுச் சாவியைக் கழற்றினார். “நான் வேற ஒண்ணு செஞ்சுக்குறேன்” என்று அதை அவர் உள்ளங்கையில் வைத்து, அவருடைய விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினார்.