எதிரே வந்த கோச்சி

எண்ணெய் தேடுற வேலைன்னா டிக்கோயாப் பக்கம் எங்க தேயிலைத் தோட்டத்து லயத்துல யாருக்கும் விளங்காது. "கிணறு வெட்டவா பேராதனையில படிச்சே?"ன்னு அம்மாவே கேலி பண்ணுவாங்க. பூமிக்கு அடியில எண்ணெய் இருக்கான்னு பாறையப் பார்த்துச் சொல்ற வேலைம்மான்னு சொல்வேன். அட போடி, தேயிலைக்கு அடியில இருந்தா சொல்லு, தொரைக்குக் காட்டுவோம்னு சிரிப்பாங்க. ஆனா பீலியில தண்ணி புடிக்கிறப்ப எல்லார்கிட்டயும் என் பெருமைதான்.

எழுபதுகள்ல மன்னார்க் கரையில எண்ணெய்க்காகத் துளை போட்டாங்க. ஆம்பளைங்க நடுவுல நான் ஒருத்திதான் பொம்பளை. சேத்தோட மேல வர்ற கல்லுத்தூளைக் கழுவி, லென்சு வச்சுப் பார்த்துக்கிட்டே இருக்கணும். பாதியில விட்டுட்டு வர முடியாது.

அப்பதான், ரெண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தப்படி, எங்க வீட்டுக்கும் இந்தியா போற முறை வந்திச்சு. எனக்கு இலங்கைப் பிரஜாவுரிமை, அம்மாவுக்கும் தம்பிக்கும் இந்தியப் பாஸ்போட்டு. ஒரே அடுப்புல சாப்பிட்ட மூணு பேரை ரெண்டு நாடாப் பிரிச்சுட்டானுங்க, பாவிங்க.

போறவங்க வீட்டுல சொந்தக்காரங்க கூடி, கடைசியா அந்த அடுப்புல பொங்கிச் சாப்பிட்டு, அட்டன் ஸ்டேஷன் வரைக்கும் போய்க் கோச்சியில ஏத்திவிடுறது எங்க வழக்கம். மக நான் இல்லாம எப்படி? துளை வேலை ஓய்ஞ்சதும் லீவு வாங்கிக்கிட்டு கோச்சி ஏறிட்டேன். அவங்க போறதுக்கு இன்னும் ஒரு வாரம் இருந்திச்சு.

மாகோவுல எங்க கோச்சி நின்னுச்சு. எதிர்த் தண்டவாளத்துல வந்து நின்ன கோச்சியில, தலைமன்னார்க் கப்பலுக்குப் போற எங்க மலையகத்துச் சனம். தகரப்பெட்டி, பாய்மூட்டை, அழுது வீங்குன முகம். அழுகைக் கோச்சின்னே அதுக்குப் பேரு. அடுத்த வாரம் அம்மாவும் இப்படித்தானேன்னு நெனச்சேன். பார்க்க முடியாம முகத்தைத் திருப்பிக்கிட்டேன்.

லயத்துக்குப் போனா வாசல்ல பூட்டு. பக்கத்துக் காம்பரா அக்கா என்னைப் பார்த்ததும் மாருல அடிச்சுக்கிட்டாங்க. கப்பல்ல இடம் இருக்குன்னு நேத்தே கெளம்பச் சொல்லிட்டாங்களாம். எனக்குத் தந்தி அடிச்சிருக்காங்க. அது வர்றதுக்குள்ள நான் பொறப்பட்டுட்டேன்.

"ஒங்கம்மா அழவே இல்லடி," ன்னாங்க அக்கா. "எம் மக கப்பல் போற ஊர்லதானே இருக்கு, அங்க வந்து என்னைய ஏத்திவிடும்னு சிரிச்சுக்கிட்டே போனாங்க."

மாகோவுல நான் முகத்தைத் திருப்பிக்கிட்ட அந்தக் கோச்சியிலதான் அம்மா இருந்திருக்காங்க. வந்த வழியே திரும்பி ஓடினேன். தலைமன்னார் போய்ச் சேர்றதுக்குள்ள கப்பல் போயிருச்சு. அக்கரையில இறங்குன கொஞ்ச நாள்லயே அம்மா காய்ச்சல்ல போய்ச் சேர்ந்துட்டாங்க. தேடிப் போன கதையெல்லாம் எழுதி நான் போட்ட காயிதம் அதுக்கப்புறந்தான் கெடைச்சுதாம்.

தம்பியை எண்பதுகள்ல நீலகிரியில போய்ப் பார்த்தேன். அவன்தான் சொன்னான். கப்பல் ஏற மாட்டேன்னு அம்மா மூட்டை மேல உக்காந்துக்கிட்டாங்களாம். போற வர்ற அதிகாரிகிட்டயெல்லாம் தெரிஞ்ச சிங்களத்துல, எம் மக இங்கதான் எண்ணெய் பார்க்குது, கொஞ்சம் கூப்பிடுங்க மாத்தயான்னு கெஞ்சியிருக்காங்க. கடைசியில இவன்தான் கையப் புடிச்சு இழுத்து ஏத்தினானாம். அவ எங்க வரப்போறா, பெரிய உத்தியோகக்காரின்னு கோவத்துல என்னைத் திட்டியும் இருக்கான்.

"அவளைத் திட்டாதடா," ன்னு அம்மா சொன்னாங்களாம். "வேலைய விட்டுட்டு புள்ள எப்படி வரும்?"

நான் அவங்களைத் தேடி அட்டனுக்குப் போனது அம்மாவுக்குக் கடைசி வரைக்கும் தெரியாது.