அது யார் எழுதிய வரி?

அலுவலகத்தில் அவரை எல்லோரும் ஸ்கேல் என்றுதான் கூப்பிடுவார்கள். மேஜையில் பேனா கோணலாகக் கிடந்தால் நேராக்கிவிட்டுத்தான் உட்காருவார். அடுத்தவர் மேஜை என்றாலும் விடமாட்டார். கட்டடங்களில் தண்ணீர் மோட்டாரைத் தானாகவே ஓட்டி நிறுத்தும் பெட்டிகளைத் தயாரிக்கிற கம்பெனி அது. அந்தப் பெட்டிக்கென்றே சொந்தமாக ஒரு கணினி மொழி வைத்திருந்தார்கள். அதில் இருபது வருடமாகப் புரோகிராம் எழுதுகிறவர் நம் ஸ்கேல்.

ஆளுக்கொரு தினுசாக எழுதுகிறார்கள், படித்தால் தலை சுற்றுகிறது என்று அலுத்துக்கொண்ட மேனேஜர், எல்லாருடைய புரோகிராமையும் ஒரே மாதிரி அடுக்கித் தருகிற கருவி ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினார். ஊர்ப்பட்ட மொழிகள் அந்தக் கருவிக்குத் தெரியும். இவர்கள் மொழி மட்டும் தெரியாது. அதைச் சொல்லிக்கொடுக்கிற வேலை வேறு யாருக்குப் போகும்? எந்தெந்தச் சொல் கட்டளை, குறிப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எந்த அடைப்பு திறந்தால் அடுத்த வரி உள்ளே தள்ளி நிற்க வேண்டும், மேற்கோளுக்குள் இருப்பதை ஏன் தொடவே கூடாது என்று ஒவ்வொன்றாக எழுதினார். மூன்று வாரம் சந்தோஷமாக ஓடியது. மனிதர் பாட்டுக்கூட முணுமுணுத்தார்.

ஒரு விதியில் சந்தேகம் வந்து பழைய பொதுக் கம்ப்யூட்டரைத் துழாவியபோதுதான் தங்கை எழுதிய, வரிகளை அடுக்கித் தரும் சின்ன டூல் கண்ணில் பட்டது.

தங்கையும் இதே கம்பெனியில் இருந்தவள்தான். ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு புரோகிராமில் ஒரே ஒரு வரி தப்பாகப் போய், மோட்டார் நிற்காமல் ஓடி, ஒரு குடியிருப்பில் கார் நிறுத்துமிடம் முழுக்கத் தண்ணீர் புகுந்துவிட்டது. அந்த வரியை எழுதியது யார் என்பதற்குப் பதிவு இல்லை. நாலு பேர் முன்னால் மேனேஜர் கேட்டார். ஸ்கேல் வரியைப் பார்த்தார். காற்புள்ளிக்குப் பிறகு இரண்டு இடைவெளி, சமக்குறிகள் ஒன்றன்கீழ் ஒன்று, தங்கை எப்போதும் அடுக்குகிற மாதிரியே.

"இது என் தங்கச்சி எழுதினது சார். அவ கை எனக்குத் தெரியாதா?" என்று அடித்துச் சொன்னார்.

"அண்ணா, நான் எழுதலை. பொதுக் கம்ப்யூட்டர்ல ஒரு சின்ன டூல் போட்டு வச்சிருக்கேன். அந்தக் கம்ப்யூட்டர்ல சேமிக்கறது தானாவே அது வழியாப் போகும், யார் எழுதினாலும் இப்படித்தான் வரும்."

"சாக்குச் சொல்லாத" என்று அவர் வாயை அடைத்துவிட்டார். மாதம் முடிவதற்குள் அவளுக்கு வேலை போனது. சொந்தத் தங்கை என்றுகூடப் பார்க்காத நேர்மையான மனிதர் என்று இவருக்குப் பெயர் கிடைத்தது. அதோடு இருவருக்கும் பேச்சு நின்றுபோனது.

இப்போது ஸ்கேல் கை போன போக்கில் பத்து வரி அடித்து அந்த டூலுக்குள் விட்டார். வெளியே வந்தது அச்சு அசல் தங்கையின் கை. அந்த வாரம் அந்தப் புரோகிராமில் வேலை பார்த்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி, நான் எழுதவில்லை என்று அன்றைக்கே சொல்லிவிட்டாள். இன்னொரு ஆளை யாரும் கேட்கவே இல்லை. ஸ்கேல் போய்த் தப்புப் பண்ணுமா என்கிற நினைப்பு ஊருக்கும் இருந்தது, ஸ்கேலுக்கும் இருந்தது.

டூலை அழிக்க ஒரு பொத்தான் போதும். அழித்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. பாவம், இருபது வருடப் பெயர். சாயங்காலம் எல்லோரும் கிளம்பிப் போகும்வரை அந்தப் பொத்தானையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு அதைத் தொடாமலே வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலை புதுக் கருவியைக் காட்டுவதற்கான கூட்டம். ஸ்கேல் பொதுக் கம்ப்யூட்டரைத் திறந்து மேனேஜர் பக்கம் திருப்பினார்.

"சார், உங்க இஷ்டத்துக்கு நாலு வரி அடிங்க."

மேனேஜர் ஒற்றை விரலால் தட்டித் தட்டி அடித்தார். ஸ்கேல் அதைத் தங்கையின் டூலுக்குள் விட்டார். சமக்குறிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து நின்றன.

"இது யார் கை சார்?"

மேனேஜருக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. முகம் மாறியது. "அப்போ அந்த வரி?"

"அதுல வேலை பார்த்தது நாங்க ரெண்டு பேர்தான். அவ எழுதலை. நான்தான் எழுதியிருக்கேன். அவ பேர்ல தப்பு இல்லைன்னு கம்பெனி எழுதிக் கொடுக்கணும் சார். என்னை என்ன பண்ணணுமோ பண்ணிக்குங்க."

மேனேஜர், "கடிதம் இன்னைக்கே அனுப்பறேன். உங்களைப் பத்தி அப்புறம் பேசலாம்" என்றார்.

ஸ்கேல் மாடிப்படிக்கு வந்து தங்கைக்குப் போன் போட்டார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். மனசுக்குள் ஒரு சின்னப் பெருமைகூட இருந்தது, பொய் சொல்வானேன். "அந்த வரி என்னோடதும்மா. நேத்துதான் எனக்கே தெரிஞ்சுது" என்றார்.

"எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றாள் தங்கை. "நான் இல்லைன்னா நீதானே?"

"அப்புறம் ஏன் சொல்லலை?"

"உன்னைக் காட்டிக்கொடுக்க எனக்கு வாய் வரலை அண்ணா. உனக்கு வந்துச்சு."

ஸ்கேல் படியிலேயே உட்கார்ந்து, போகிறவர் வருகிறவர் பார்க்க, வாய்விட்டு அழுதார். அவள் போனை வைக்கவில்லை.