பென்குயினும் புது கார்டும்

அச்சகத்தில் அவருக்குப் பென்குயின் என்று பெயர். விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸின் சின்னம் அது. கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவருக்கு. நாலு பேர் கிடைத்தால் போதும், வைரஸ் வராது, லைசென்ஸ் வேண்டாம், நிற்காமல் ஓடும் என்று ஆரம்பித்துவிடுவார். முதல் முறை மாமனார் வீட்டுக்குப் போனபோதே அவருடைய கம்ப்யூட்டரில் லினக்ஸைப் போட்டுவிட்டு வந்த ஆள்.

அச்சகத்தின் பழைய கம்ப்யூட்டர்களில் அவர் சொன்னதெல்லாம் உண்மைதான். முதலாளி புதுசு வாங்கக் கிளம்பியபோது, "இதுல உங்க லினக்ஸ் ஓடுமா?" என்று கேட்டார். உள்ளே திரையில் படம் காட்டும் கிராபிக்ஸ் கார்டு எது என்று அவர் பார்த்திருக்க வேண்டும். வாய் சும்மா இருந்தால்தானே!

"எதுல வேணா ஓடும் சார்."

ஓடியது, நொண்டிக்கொண்டு. அந்தக் கார்டைச் செய்த கம்பெனி, அதை இயக்கும் டிரைவர் மென்பொருளை லினக்ஸுக்கென்று எழுதவே இல்லை. யாரோ புண்ணியவான்கள் குத்துமதிப்பாக எழுதியதுதான் கிடைத்தது. பெரிய படத்தைத் திறந்தால் திரை அப்படியே உறைந்துவிடும். கம்பெனிக்காரன் கையை விரித்தான்; பழி லினக்ஸ் தலையில் விழுந்தது. இது என்ன நியாயம்? பார்க்காமல் சொல்லிவிட்டேன் என்று முதலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கார்டுகளை மாற்றியாவது தொலைத்திருக்கலாம். அதற்கு அவருக்கு மனசு வரவில்லை.

மாட்டிக்கொண்டு முழித்தது அவர் மனைவி. அங்கேதான் அவளும் பக்கம் வடிவமைத்தாள். சேமிப்பதற்குள் திரை உறைந்து, முடித்த பக்கத்தையே திரும்பத் திரும்பச் செய்தாள்.

"கொஞ்சம் பொறு, அடுத்த அப்டேட்ல சரியாயிடும்."

"போன அப்டேட்லயும் இதத்தான் சொன்னீங்க."

வீட்டில் பேச்சு குறைந்தது.

கடைசியில் முதலாளி எல்லாரையும் கூப்பிட்டு அவளைத்தான் கேட்டார். "நீங்க சொல்லுங்கம்மா. லினக்ஸ வெச்சுக்கலாமா, மாத்திடலாமா?"

பென்குயின் அவளையே பார்த்தார். அவள் திரும்பவில்லை.

"மாத்திடுங்க சார். என்னால முடியல."

விண்டோஸை அவர் கையாலேயே போட வேண்டியிருந்தது. அந்த வேலை தெரிந்த வேறு ஆள் அங்கே ஏது? ஒவ்வொரு கம்ப்யூட்டராக லினக்ஸை அழித்தார். அதே கார்டு, அதே படங்கள். ஒரு திணறலும் இல்லை.

அன்று சாயங்காலம் அவள் நேரத்தோடு வேலையை முடித்துவிட்டாள். இருவரும் சேர்ந்தே நடந்து வந்தார்கள்.

"ஒரு தடவகூட நிக்கலங்க!" என்று வழியெல்லாம் கலகலவென்று சிரித்துப் பேசிக்கொண்டே வந்தாள். இந்தச் சிரிப்பைக் கேட்டு அவருக்கு மாதக்கணக்காகிறது. முதலாளியிடம் அவள் சொன்னதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். இந்தச் சிரிப்பை அவரால் மன்னிக்க முடியவில்லை.