பிரிக்காத பூப்பொட்டலம்

கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டம். நான் கல்யாணமாகி வந்தபோது அதில் தக்காளி போட்டிருந்தார்கள். மொத்தத்தையும் தென்னையாக்கலாமா என்று என் கணவர் குலதெய்வக் கோயிலில் பூக்கேட்டார். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம், எது எதுவென்று தெரியாமல் மடித்து சாமி முன்னால் போடுவார்கள். பூசாரி ஒன்றை எடுத்துப் பிரிப்பார். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. எங்களுக்கு வெள்ளை வந்தது.

தென்னை நன்றாகக் காய்த்தது. உடனே என் கணவர் ஊருக்கே புத்திசாலி ஆகிவிட்டார். எந்தக் கார் வாங்கலாம், பையனை எந்தக் காலேஜில் சேர்க்கலாம் என்றெல்லாம் அவரிடம் வந்து கேட்டார்கள். ஒருவர் சிறுநீரகக் கல்லுக்கு எந்த டாக்டரிடம் போகலாம் என்று கேட்டார். தென்னை வைத்தவருக்குச் சிறுநீரகத்தைப் பற்றி என்ன தெரியும்? ஆனால் இவரும் தொண்டையைக் கனைத்துக்கொண்டு பதில் சொன்னார். வந்தவர்களுக்கெல்லாம் காப்பி போட்டே என் கை ஓய்ந்தது. அந்த வருஷங்களில் நான் வைத்த ரசத்தில்கூட ஏதோ மூளை இருப்பதாகப் பேசிக்கொண்டார்கள்.

பிறகு வாடல் நோய் வந்தது. மட்டைகள் மஞ்சளாகித் தொங்கின. பாதித் தோப்பை வெட்ட வேண்டியதாயிற்று.

"ஒரே வெள்ளாமைய நம்புனா இப்படித்தானுங்க. நாங்க அப்பவே சொன்னமில்லீங்க" என்றார்கள் அதே ஆட்கள். அப்போது யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் காப்பியைத்தான் குடித்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. அதைவிட எரிந்தது எதற்கென்றால், இவர் இதையும் நம்பிவிட்டார். கல்யாண வீடுகளில் கடைசிப் பந்தியில் போய் உட்கார்ந்தார். என்ன கேட்டாலும், "எனக்கென்ன தெரியும்?" என்றார். புகழ்ந்தபோது நம்பியது ஒரு முட்டாள்தனம் என்றால், இது அதற்கு மேல்.

அவருடைய அண்ணன் தோப்பை விற்றுவிடலாம் என்றார். வீட்டுமனை சைட் போடுகிற ஆளையும் அவரே பார்த்து வைத்திருந்தார். நான் கூடாது என்றேன். நிற்கிற மரங்களுக்கு நடுவே ஜாதிக்காய் வைக்கலாம் என்பது என் எண்ணம். "சரி, சாமிகிட்டயே கேட்டுப்போடலாம்" என்று அண்ணன் எங்களைக் கோயிலுக்குக் கூட்டிப் போனார். வெள்ளை வந்தால் விற்பது என்று பேச்சு.

பொட்டலங்கள் விழுந்தன. என் கணவர் கண்ணை மூடிக் கைகூப்பி நின்றார். பூசாரி குனிந்தபோது என்னால் பொறுக்க முடியவில்லை.

"எடுக்காதீங்க" என்றேன்.

"ஏன் அம்மணி, சாமி வாக்கே வேண்டாமுங்கறயா?" என்றார் அண்ணன்.

"சாமியக் குத்தம் சொல்லலீங்க மாமா. அன்னைக்கு வெள்ளப்பூ வந்துது, இவரு புத்திசாலின்னீங்க. அதே பூவுக்கு வெச்ச அதே மரந்தான், இன்னைக்கு முட்டாளுங்கறீங்க. நல்லதோ கெட்டதோ, இந்தவாட்டி நாங்களே முடிவு பண்ணிக்கறமுங்க."

கோயிலில் குரலை உயர்த்தினேன். அதற்காக இன்றுவரை எனக்கு வருத்தமில்லை. என் கணவர் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்க. வித்துப்போடலாமா?" என்றேன்.

"எனக்கென்ன..." என்று ஆரம்பித்தார்.

"மரத்த வெச்சது நீங்கதானுங்க? உங்களுக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்?"

அவர் பொட்டலங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அண்ணனை நிமிர்ந்து பார்த்தார். "தெக்கால இருக்கற மரமெல்லாம் இன்னும் நல்லாத்தானுங்கண்ணா இருக்குது. விக்க வேண்டாமுங்க." எனக்கு அழுகை வந்துவிட்டது.

பூசாரி இரண்டு பொட்டலங்களையும் பிரிக்காமலே சாமி காலடியில் வைத்தார். உள்ளே எதில் எது இருந்ததென்று எங்களுக்குத் தெரியாது.

இப்போது தென்னைக்கு ஊடே ஜாதிக்காய் நட்டிருக்கிறோம். பிழைக்குமா என்று சொல்ல முடியாது. பிழைத்தால் புத்திசாலி என்று சொல்ல நாலு பேர் வருவார்கள், காய்ந்தால் முட்டாள் என்று சொல்ல அதே நாலு பேர் வருவார்கள். எப்போது வந்தாலும் அவர்களுக்கு மோர்தான். காப்பி எனக்கும் அவருக்கும் மட்டும்.